சுப்பீரியர் ஏரிக்கரையில் ஒரு புரட்டாதிச் சனி

இந்தப் பயணத்துக்கு முதற் காரணம் என் மருமகன். ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஜக்ஸில் மகள் வீட்டுப் பின்வளவில் கோழி வாட்டிக்கொண்டிருந்தார்கள். புரட்டாதியில் நானும் மனைவி பவளமும் வடக்கே சுப்பீரியர் ஏரிக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கப்போகிறோம் என்று சொன்னேன். மருமகன் கோழிக்காலைப் பிரட்டியபடியே, "மாமா, அதெல்லாம் எங்கட ஆக்கள் போற இடமில்லை. வேணுமெண்டால் நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்றார்.

நயாகரா! லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வந்த ஒவ்வொரு உறவினரையும் அங்கே கூட்டிக்கொண்டு போய், அதே கம்பியில் சாயவைத்து அதே படத்தை எடுத்தவன் நான். எத்தனை தரம் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். எழுபத்தொரு வயதிலும் எனக்கு அந்த அருவிதான் அளவு என்று இவர் யார் தீர்மானிக்க?

மகள் மருந்துக்கடையில் வேலை செய்பவள். தாய்க்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு என்பதால் அவள் வேறு மாதிரி வந்தாள். "போங்கோ அப்பா. ஆனால் அம்மாவுக்கு ஏதும் நடந்தால் இதோட சரி. பிறகு நீங்கள் வீடிருக்கிற மல்வேர்னை விட்டு வெளியில வான் ஓடக்கூடாது. திறப்பை என்னட்டைத் தரவேணும்."

வண்டிச் சாவியைக் கொடுத்துவிடுவதாக, "ஓம்" என்றேன். நான் சொன்ன சொல் மாறுகிறவன் அல்ல. அது எல்லாருக்கும் தெரியும்.

பவளம் மட்டும், "நான் என்ன, கண்ணாடிச் சாமானோ?" என்று கேட்டுவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆயத்தம் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். இணையத்தில் தேடிப் பார்த்தேன். தமிழில் கூடாரப் பயணம் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் இருபத்தைந்து வயதுக்காரர். முழங்கால் நோ பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. இரவில் இரண்டு தரம் எழும்ப வேண்டியவர்கள் என்ன செய்வது என்றும் எழுதவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். இருவருக்கான கூடாரம் என்று கடையில் விற்பது, இருவரைப் பொட்டலம் கட்டுவதற்கான சாமான். நாலுபேர் கூடாரம் வாங்குங்கள். நிமிர்ந்து நின்று சாரம் மாற்ற இடமிருக்கும். காற்றடிக்கும் மெத்தை முழங்கால் உயரமாவது இருக்கவேண்டும். இல்லாவிட்டால் காலையில் எழும்புவதற்கு ஆள் தேட வேண்டும்.

கூடாரம் அடிக்க நானாகவே பழகினேன். காணொளியைப் பார்த்து எங்கள் வீட்டுப் பின்னால் இருக்கிற துண்டுப் புல்வெளியில் அடித்து, சோதனைக்காக ஒரு மத்தியானம் உள்ளே படுத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னண்ணை, அக்காவோட கோவமோ?" என்று கேட்டார்.

புரட்டாதி நடுவில் ஒரு வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மல்வேர்னில் இருந்து புறப்பட்டோம். 401 இல் ஏறி, 400 ஆம் நெடுஞ்சாலைக்குத் திரும்பினால் பிறகு நேரே வடக்குத்தான். பெரி சவுண்டுக்கு அப்பால் நிலமே மாறிவிடுகிறது. மண் இல்லை. இளஞ்சிவப்புக் கல்லை வெட்டிப் பிளந்து அதற்கு நடுவே சாலையைப் போட்டிருக்கிறார்கள். கல்வெடிப்பில் வேரை விட்டுக்கொண்டு பைன் மரங்கள் ஒரு பக்கம் சரிந்து நிற்கின்றன. மண்ணில்லாமல் வளர்வதற்கு எவ்வளவு பிடிவாதம் வேண்டும்! எனக்கு அந்த மரங்களைப் பிடித்துப்போயிற்று.

சட்பரி நானூறு கிலோமீற்றர். அங்கே பெற்றோல் அடித்துக்கொண்டு மேற்கே 17 ஆம் நெடுஞ்சாலையில் இன்னும் நூறு கிலோமீற்றர் போனால் மாசே என்ற சிற்றூர். ஊருக்குப் பக்கத்தில் ஓர் அருவி, அருவியோடு ஒரு கூடாரத் திடல். ஓர் இரவுக்கு ஐம்பது டொலரை அண்டி வரும், விறகு தனி. விறகை வீட்டிலிருந்து கொண்டு போகாதீர்கள், மரப்பூச்சி பரவும் என்று தடுக்கிறார்கள். பவளம் தூங்குமுன் அருவிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உதுக்குக் கம்பி போடேல்லை, டிக்கெட்டும் இல்லை" என்றாள். மருமகனுக்குச் சொல்லவேண்டிய பதிலை அவள் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சூ சென் மரியில் மத்தியானச் சாப்பாடு. அந்த ஊரிலேயே தாங்கியை முட்ட நிரப்புங்கள். அங்கிருந்து வாவா என்ற ஊர் வரைக்கும் இருநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர். இடையில் பெற்றோல் நிலையங்கள் மிகக் குறைவு, இருப்பவையும் எப்போதும் திறந்திருக்குமென்று நம்ப முடியாது. தொலைபேசியும் பெரும்பாலும் வேலை செய்யாது. மாதாமாதம் காசு அறவிடும் நிறுவனங்கள் விளம்பரத்தில் இதைச் சொல்வதில்லை.

நான் இலகுவில் வியக்கிறவன் அல்ல. ஆனால் சூ தாண்டி ஒரு மணி நேரத்தில் சாலை ஒரு மலையில் ஏறி வளைந்து இறங்கியபோது, காலைப் பிரேக்கில் வைத்துவிட்டேன். பின்னால் வாகனம் வராதது அதிர்ஷ்டம். இடதுபக்கம் முழுவதும் தண்ணீர். மறுகரை இல்லை. வானம் எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத நீலம். வலதுபக்கம் மலை முழுக்க மேப்பிள் மரங்கள் சிவந்து, நெருப்பில்லாமல் எரிந்துகொண்டிருந்தன. இதை ஏரி என்று படித்திருக்கிறோம். ஏரியாம்! அலை அடிக்கிறது, நுரை தள்ளுகிறது, இரைகிறது. ஏரிக்கரைப் பூங்காவுக்குள் இருக்கும் கூடாரத் திடலுக்குப் போனதும் முதல் வேலையாகக் கரையில் இறங்கி, ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பில்லை. பார்த்த பிறகும் நம்பமுடியவில்லை. இன்னொரு கை அள்ளிக் குடித்தேன்.

"போதும், ஏரியை வத்தப்பண்ணிப் போடாதையுங்கோ" என்றாள் பவளம்.

எங்கள் இடத்துக்கும் அலைக்கும் நடுவே இருந்தது கொஞ்சம் மணல் மட்டும்தான். அன்று பின்னேரம் பக்கத்தில் உள்ள பாறை ஓவியங்களைப் பார்க்கப் போனோம். இறக்கம் செங்குத்து, கைத்தடி கட்டாயம். நீருக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் பாறையில், பல தலைமுறைகளுக்கு முன் ஒஜிப்வே மக்கள் செங்காவியால் வரைந்த ஓடமும் கொம்புள்ள ஓர் உருவமும் இன்னும் இருக்கின்றன. அலை ஓயாமல் அடிக்கும் இடத்தில் அந்தக் காவி எப்படித் தங்கியது? பாறையின் அடியில் யாரோ காணிக்கையாகப் புகையிலை வைத்திருந்தார்கள். பவளம் அதைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றி நின்று கும்பிட்டாள். நான் கும்பிடுகிறவன் அல்ல. தொப்பியைக் கழற்றினேன்.

இனி அந்தச் சனிக்கிழமை.

புரட்டாதிச் சனி விரதம் தெரியாத இளம் வாசகர்களுக்கு: அன்று சமைத்துச் சனீஸ்வரனை நினைத்து எள்ளெண்ணெய் விளக்கேற்றி, எள்ளுச் சோற்றை இலையில் படைத்து முதலில் காகத்துக்கு வைப்பார்கள். காகம் தின்ற பிறகுதான் விரதக்காரர் சாப்பிடுவார். மல்வேர்னில் இது ஒரு வேலையே இல்லை. பவளம் கதவைத் திறக்குமுன் காகங்கள் பக்கத்து வீட்டுக் கராஜில் வந்து வரிசையில் இருக்கும். அதனால் அவளுக்கு ஒரு பழக்கம்: இலையை வெளியே வைக்கும்போதே சீனி வருத்தக் குளிசையை, சீனியை இறக்கும் மாத்திரையை, போட்டுவிடுவாள். அவள் உள்ளே வந்து கை கழுவுவதற்குள் காகம் தின்றுவிடும், அவளும் சாப்பிட்டுவிடுவாள். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் பிழை வந்ததில்லை.

அன்றும் விடிய எழும்பித் திடலில் உள்ள குளியலறையில் முழுகி, வாயு அடுப்பில் சோறும் கத்தரிக்காய்க் கறியும் பருப்பும் சமைத்து, அப்பளமும் பொரித்தாள். நான் விரதம் இல்லை. முதல் நாள் மிஞ்சிய பாண் ரொட்டியைத் தின்றிருந்தேன். பத்தரை மணிபோல் இலையை மணலில் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டாள்.

காகம் வரவில்லை. கடற்பறவைகள் வந்தன. வெள்ளையும் சாம்பலுமாக ஒரு கூட்டம் இரைந்துகொண்டு இறங்க, பவளம் துவாயை வீசிக் கலைத்தாள்.

"வெள்ளைக் காகம் எண்டு நினையன்" என்றேன்.

"விரதத்திலை பகிடி விடாதையுங்கோ."

இந்தச் சத்தத்துக்குத் திடல் காவலர் வந்துவிட்டார். மகளின் வயதிருக்கும் ஒரு பெண். ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன். பூங்காவுக்குள் பறவை விலங்குகளுக்கு உணவு வைப்பது சட்டப்படி குற்றம், தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்றார்.

"இது உணவு இல்லை. சமய காரியம்" என்றேன்.

"விளங்குகிறது ஐயா. ஆனால் கரடிக்கு அது விளங்காது."

"நேற்றுப் பாறையடியில் புகையிலை பார்த்தேன். அது வைக்கலாம், சோறு வைக்கக் கூடாதோ?"

"கரடி புகையிலை தின்னாது ஐயா."

இலையைச் சோற்றோடு எடுத்துத் தட்டில் வைத்தேன். வாதத்தில் தோற்பது எனக்கு அடிக்கடி நடப்பதில்லை. அந்தப் பெண் கோபப்படவும் இல்லை. பூங்காவின் தெற்கு எல்லை பக்கத்தில்தான், பத்துக் கிலோமீற்றர் வரும், அதற்கு வெளியே போய் வைத்துவிட்டுத் துப்புரவாக்கி விடுங்கள் என்று வழியும் சொன்னார். நான் வந்த வழியே திரும்பிப் போகிறவன் அல்ல. அன்று எப்படியும் வடக்கே வாவாவுக்குப் போவதாகத்தான் திட்டம். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வடக்கே புறப்பட்டேன். குளிசை போட்ட விஷயம் எனக்கு அப்போது தெரியாது.

பூங்காவைக் குறுக்கறுத்து எண்பது கிலோமீற்றர்வரை போகவேண்டும். சாதாரண நாளாக இருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தியிருப்பேன். ஒரு பக்கம் கருநீல ஏரி துண்டு துண்டாகத் தெரிகிறது, மறு பக்கம் மஞ்சள் பேர்ச் மரங்களுக்கு நடுவே ஒரு சின்னக் குளம், அதில் அந்த மலை முழுவதும் தலைகீழாக. இத்தனை காட்டில் ஒரு காகம் இல்லை. நான் சாலையைப் பார்க்க, பவளம் வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மடியில் இலை மூடிய தட்டு.

கிழவி வளைகுடா என்று ஓர் இடம் இருக்கிறது. நீருக்கு நேரே மேலே ஓங்கி நிற்கும் பெரிய பாறைச் சுவர். உற்றுப் பார்த்தால் அதில் ஒரு கிழவியின் முகம் தெரியும் என்கிறார்கள். வண்டியை நிறுத்தினேன். "பார், பவளம்" என்று திரும்பினேன். அவள் நெற்றியில் வியர்வை. வெளியே குளிர், யன்னலும் திறந்திருந்தது. மடியில் தட்டு கடகடவென்று ஆடியது.

"என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை. குளிசை போட்டிட்டன்."

"எப்ப?"

"இலை வைக்கேக்குள்ளை."

சீனி பார்க்கும் கருவியை எடுத்து விரலில் குத்தினேன். நாலுக்குக் கீழே போகக் கூடாது என்பது மகளின் கட்டளை. நாலு புள்ளி ஒன்று காட்டியது. தொலைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. மாம்பழச் சாற்றுப் பெட்டியைத் திறந்து நீட்டினேன். வாயை மூடிக்கொண்டாள்.

"இதைக் குடி. இது சாப்பாடு இல்லை, மருந்து."

"காகம் தின்னாமல் தண்ணியைத் தவிர ஒண்டும் வாயிலை வைக்க மாட்டன்."

"மயங்கி விழுந்தால் நான் உன்னை எங்கை கொண்டுபோறது? இந்தக் கிழவியிட்டையோ?"

"ஏழரைச் சனி ஆருக்கு ஓடுது? உங்களுக்கு. ஆருக்காண்டி நான் பிடிக்கிறன்?"

"என்ரை சனியெண்டால் நானெல்லோ பட்டினி கிடக்கவேணும்!"

"நீங்கள் கிடப்பியளோ? விடியப் பாண் திண்டனியள்."

நாற்பத்துநான்கு வருடம் ஒருத்தியோடு வாழ்ந்திருக்கிறேன். நான்தான் இந்த வீட்டில் பிடிவாதக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லும். அந்தக் கணத்தில் எனக்கு அது எவ்வளவு பிழையான செய்தி என்று விளங்கியது. அந்த வளைகுடா, அந்தப் பாறை, அந்த நீர் எல்லாம் அப்படியே நின்றன. எனக்கு இவளின் வியர்த்த மேலுதட்டைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

ஓட்டினேன். பூங்கா முடிகிறது என்ற பலகையைத் தாண்டிச் சிறிது தூரத்தில், சாலை ஓரத்தில் கறுப்பாக ஏதோ அசைந்தது. வாகனத்தில் அடிபட்ட முயல் ஒன்று. அதைச் சுற்றி மூன்று அண்டங்காகங்கள். சரளைக்கல் விரிப்பில் வண்டியை ஒதுக்கினேன்.

"ஐயோ, உது மச்சம் தின்னுது. இண்டைக்கு விரதமெல்லோ?"

"மல்வேர்ன் காகம் மட்டும் சைவமோ? போன கிழமை அது பீட்சாப் பெட்டியோட பறந்ததை நீதானே காட்டினனீ!"

அவள் யோசித்தாள். அதற்குள் தட்டைப் பறித்துக்கொண்டு இறங்கினேன். முயலுக்குத் தள்ளி, சுத்தமான இடத்தில் இலையை விரித்து, சோறும் கறியும் அப்பளமும் வைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நடுக்காட்டில் நின்று, "கா, கா" என்று கத்தினேன். மூன்றும் எழும்பிப் பறந்துவிட்டன.

வண்டிக்குள் வந்து கதவை மூடினேன். மறுபடி குத்திப் பார்த்தேன். மூன்று புள்ளி ஏழு. சாற்றுப் பெட்டியை அவள் உதட்டோடு வைத்தபடி இருந்தேன். அவள் கண்ணை இலையிலிருந்து எடுக்கவில்லை.

அப்போது மேலே ஒரு சத்தம். பட்டுச்சேலையை உதறுவதுபோல. சிறகடிக்கும் சத்தம் அது. அவ்வளவு அமைதி அந்தக் காட்டில், ஒரு பறவையின் இறகு காற்றை வெட்டுவது வண்டிக்குள் கேட்கிறது. நம்மூர்க் காகம் இதன் பிள்ளை என்று சொல்லலாம், அவ்வளவு பெரிது. கழுத்தில் தாடிபோல் தொங்கும் இறகு, கரும்பச்சையும் ஊதாவுமாய் மின்னும் முதுகு. இறங்கி, அவசரமே இல்லாமல், இரண்டு கையையும் பின்னால் கட்டிய அதிகாரிபோல் இலையைச் சுற்றி நடந்தது. நின்றது. தொண்டைக்குள்ளிருந்து, ஆழக் கிணற்றில் ஒரு துளி விழுவது போல ஓர் ஒலி எழுப்பியது. எத்தனையோ பறவைகளைக் கேட்டிருக்கிறேன். அப்படி ஓர் ஒலியை நான் கேட்டதில்லை. என் கை மயிர் எழும்பி நின்றது.

பிறகு அது சோற்றைத் தொடவில்லை. அப்பளத்தை முழுதாகத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டது.

நான் மூச்சை அடக்கிக்கொண்டு பவளத்தைப் பார்த்தேன். சோறு தின்னாமல் அப்பளத்தை எடுத்தால் கணக்கில் வருமா? இதற்கு எந்த ஐயரிடம் கேட்பது?

"எடுத்திட்டுது" என்றாள். சாற்றுப் பெட்டியை என் கையிலிருந்து வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு பானையை மடியில் வைத்து, முன் இருக்கையில் இருந்தபடியே கையால் அள்ளிச் சாப்பிட்டாள். கால் மணி நேரத்தில் ஐந்து புள்ளி இரண்டு. வியர்வை அடங்கியது. நான் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கி, இலையைச் சுருட்டி, சரளைக்குள் சிந்திய சோற்றைப் பருக்கை பருக்கையாகப் பொறுக்கினேன். கரடிக்கு விளங்காது என்று அந்தப் பெண் சொன்னது சரி. மரத்தில் இருந்து மற்ற இரண்டும் என்னை மேற்பார்வை செய்தன.

வாவாவில் ஊர் வாசலில் ஒரு பிரமாண்டமான வாத்துச் சிலை நிற்கிறது, படம் எடுத்தோம். அங்கே தொலைபேசி வேலை செய்தது. மகள் எடுத்தவுடன் கேட்டது, "அம்மா, நேரத்துக்குச் சாப்பிட்டனீங்களோ?"

"ஓம் பிள்ளை, வயிறு முட்ட" என்றாள் பவளம். என்னைப் பார்த்து ஒரு விரலை உதட்டில் வைத்தாள். நான் வாத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இன்னும் மூன்று இரவு வடக்கே போய்த் திரும்பினோம். எல்லாவற்றையும் எழுதப் போவதில்லை. நீங்களே போய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் சொல்வேன். இந்த நாட்டில் முப்பத்தைந்து வருடம் தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் இடையில் ஓடியிருக்கிறேன். இவ்வளவும் ஒரு நாள் வண்டி ஓட்டத் தூரத்தில் இருந்திருக்கிறது. ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் போகிற இடமில்லை என்று சொன்னவர்கள்தான் அதிகம். அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

போகிறவர்களுக்கு: புரட்டாதிக் கடைசியில் போனால் நிறமும் இருக்கும், நுளம்புக் கடியும் இராது. இரவில் நீர் உறையும் அளவுக்குக் குளிரலாம். கம்பளியில் கஞ்சத்தனம் வேண்டாம். இரவில் உணவு, பற்பசை, சாம்பிராணி எல்லாவற்றையும் வண்டிக்குள் பூட்டுங்கள். விரதக்காரர்கள் சனிக்கிழமையைப் பூங்காவுக்கு வெளியே, ஒரு ஊரில் கழியுங்கள். குளிசையைக் காகம் தின்ற பிறகே போடுங்கள். சீனி குறைந்தால் என்ன செய்வதென்று புறப்படுமுன்னரே வீட்டில் சண்டை பிடித்து முடிவெடுங்கள். காட்டில் வைத்துப் பிடிக்க வேண்டாம்.

இந்த அறிவுரையைக் காரணம் சொல்லாமல் எழுதினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதனால் நடந்தது நடந்தபடி எழுதினேன். பதிவேற்றுமுன் பவளத்துக்கு வாசித்துக் காட்டினேன்.

"இதைப் போட்டால் மகள் வாசிப்பாள்" என்றாள்.

"வாசிக்கட்டும்."

"திறப்பைக் கேப்பாள்."

"கேட்டால் குடுப்பன். சொன்ன சொல் சொன்னதுதான்."

 விடியற்காலைப் பனியிலும் உறைமழையிலும் மார்க்கம் நகரத் தொழிற்சாலைக்கு 401 இல் பதினெட்டு வருடம் தனியாக வண்டி ஓட்டிப் போய் வந்தவள் பவளம்.

"குடுங்கோ. நீங்கள் ஓடக்கூடாது எண்டுதானே பேச்சு? திறப்பை நான் அவளிட்டை வாங்கி ஓடுறன். நீங்கள் பக்கத்திலை இருந்து காகத்தைப் பாருங்கோ."